கோமு போட்ட கணப்பு

அந்தக் குட்டியானை வண்டி எங்கள் வாசலில் பின்பக்கமாக வந்து நின்றபோது நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வண்டி நிறையச் சாமான். மஞ்சள் தார்ப்பாய்ச் சுருள், உமி மூட்டைகள், தைத்த சாக்குகள், தகரத் தொப்பி போல ஒன்று, கயிற்றுப் பந்து. எல்லாவற்றுக்கும் மேலே, மூட்டை மீது காலைத் தொங்கப்போட்டபடி என் நாத்தனார் கோமு.

"மைனி, ஹாலை ஒழிச்சிப் போடுங்க!" இறங்குமுன்பே சத்தம் கொடுத்தாள்.

எனக்குப் பகீரென்றது. கோமுவைக் கீழப்பாவூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அங்கே அவள் பிராய்லர் கோழிப்பண்ணை நடத்துகிறாள். கம்பெனிக்காரர்கள் பொரித்த சூட்டோடு குஞ்சுகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். இவள் வளர்த்து ஆளாக்கித் திருப்பிக் கொடுக்கவேண்டும். அப்படிப்பட்டவள் உமியும் தார்ப்பாயுமாக வந்து ஹாலை ஒழி என்றால் நான் என்னவென்று நினைப்பேன்?

"கோமு, இங்கன கோழி வளக்கவா போற? உங்கண்ணன் இருக்கிற இருப்புல அந்த நாத்தம் ஆகாதுளா."

"கோழி இல்ல மைனி. ஒத்தச் சேவலுதாம். அதுவும் முத்துன சேவலு. எங்கன கெடக்கு? முழிச்சிருக்கா?"

உள்ளே கட்டிலில் போர்வைகளுக்கு அடியில் சுருண்டு கிடந்த என் வீட்டுக்காரரைத்தான் சொன்னாள்.

குளிர் தெரியாத மனுஷர்

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பஸ் டிரைவர். செங்கோட்டையிலிருந்து மலையேறி ஆரியங்காவு வழியாக அந்தப் பக்கம் இறங்குகிற வண்டிதான் அதிகமும் ஓட்டினார். மார்கழியில் முதல் வண்டி எடுத்தால் கண்டக்டர் மப்ளருக்குள் புதைந்து கிடப்பாராம். இவர் காக்கிச் சட்டையின் மேல் பட்டன் ரெண்டையும் அவிழ்த்துவிட்டுக்கொண்டு, பக்கத்துக் கண்ணாடியைத் திறந்துபோட்டுக்கொண்டு ஓட்டுவார். குளிரவில்லையா என்று கேட்டால், "எஞ்சின் பக்கத்துல உக்காந்திருக்கேம்லா" என்பார்.

நான் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவாக மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பேன். மழை வலுத்தால் போச்சு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கவலைப்படுவதில் மட்டும் மேல்படிப்பு படித்திருக்கிறேன்.

மலை ஒன்றும் செய்யவில்லை. ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான், ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது இடது பக்கம் இழுத்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. கையும் காலும் பாதி வந்தது, பாதி வரவில்லை. பேச்சு குழறும். ஆனால் மூளை தெளிவு.

அதோடு வந்து ஒட்டிக்கொண்டதுதான் இந்தக் குளிர். ஆடிச் சாரலில்கூட வெற்றுடம்போடு திரிந்தவர், ஐப்பசி மழை விட்டதும் நடுங்க ஆரம்பித்தார். இடது கையைத் தொட்டால் மண்பானைத் தண்ணீரைத் தொட்டமாதிரி இருக்கும். டாக்டரிடம் கேட்டேன். "ரத்த ஓட்டம் கொறைஞ்ச பக்கம் அப்படித்தாம்மா இருக்கும். கதகதப்பா வச்சிக்கோங்க" என்றார். அவர் சொல்லிவிட்டார். எப்படி வைத்துக்கொள்வது?

சென்னையிலிருந்து வந்த சிவப்பு

என் மகன் சுந்தர் சென்னையில் இருக்கிறான். போனில் விஷயத்தைச் சொன்ன மறுநாளே ஆர்டர் போட்டு ஒரு ரூம் ஹீட்டர் அனுப்பிவிட்டான். நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். சுவிட்சைப் போட்டதும் உள்ளே கம்பிகள் சிவந்து வரும். முன்னால் நின்றால் முகம் சுடும், முதுகு குளிரும்.

எனக்கோ அதைப் போட்டாலும் கவலை, அணைத்தாலும் கவலை. போட்டால் முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை. போர்வை நுனி பட்டுவிடுமோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நடுநடுவே எழுந்துபோய் வாசலில் மீட்டரைப் பார்ப்பேன். அதிலே சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்குமே, அது சாதாரண நாளில் கிழவி இருமுகிற மாதிரி எப்போதாவது மினுக்கும். ஹீட்டர் போட்டால் விடாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும், என் நெஞ்சு மாதிரியே.

கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வரும். ஒரு அளவு வரைக்கும் நம் வரும்படிக்குத் தாங்கும். அந்த அளவைத் தாண்டிவிட்டால், தாண்டினதுக்கு மட்டும் இல்லை, மொத்தத்துக்கும் ரேட்டு ஏறிவிடும். கார்த்திகையில் வந்த பில்லைப் பார்த்து நான் ரீடிங் எடுத்தவரிடம், "தம்பி, இது எங்க வீட்டுதுதானா? பக்கத்து லாட்ஜுது மாறி வந்திருச்சா?" என்று கேட்டேன். "ஒங்க வீட்டுதுதாம்மா" என்றார், பாவமாகத்தான்.

அவ்வளவு எரித்தும் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. திரும்பி வந்த அன்று சுந்தர் போனில் தீர்மானமாகச் சொன்னான்.

"எம்மா, போதும். பொங்கலுக்கு வாரேன். திரும்பும்போது ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்திருதேன். இங்க குளிரே கிடையாது. வீட்டப் பூட்டிரு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொன்னால் எனக்குச் சுமையாக இருக்கிறோமே என்று நினைத்திருப்பார். எனக்கு அது தெரிந்தது. ஆனால் அவரை இங்கே கதகதப்பாக வைத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை. அதனால் நானும், "சரிப்பா, பொங்கலுக்கு வா, பாப்போம்" என்று சொல்லிவிட்டேன்.

இது கோமு காதுக்குப் போயிருக்கிறது. குட்டியானை வந்த கதை அதுதான்.

விருந்தாளிக்குக் கட்டின வீடு

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் விஷயமே இருக்கிறது.

இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் வீடு கட்டுகிற யாரும் தனக்காகக் கட்டுவதில்லை. ஆனியிலும் ஆடியிலும் அருவிக்குக் குளிக்க வந்து இறங்கப்போகிற சொந்தக்காரர்களை மனசில் வைத்துத்தான் கட்டுவோம். ஹால் பெரிசாக வேண்டும், வரிசையாகப் பாய் விரிக்க. தரைக்கு டைல்ஸ் வேண்டும், ஈரக்கால் பட்டால் துடைக்க. ஈரத்துண்டுகள் காயவேண்டுமே, அதனால் சுவரில் மேலே வரிசையாகக் காற்றுவழிகள், மூடவே முடியாத சிமெண்டுப் பூ வேலைப்பாடு. அப்புறம் மலை தெரியவேண்டும். மலை தெரியாத வீட்டைக் குற்றாலத்தில் கட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

எங்கள் வீட்டுக்காரர் ஒருபடி மேலே போனார். மலையைப் பார்த்த படுக்கையறையில் ஜன்னல் எவ்வளவு அகலம் என்று கொத்தனார் கேட்டபோது, "பஸ்ஸு முன்கண்ணாடி அகலம் வைங்க" என்றார். கொத்தனார் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. வைத்தும் விட்டார்கள். சாய்த்துத் திறக்கிற கண்ணாடிப் பட்டைகள், எவ்வளவு இறுக்கினாலும் ஒன்றோடு ஒன்று சேராது.

சாரலுக்கு வருகிறவர்கள், "அடடா, ஏசியே வேண்டாமே!" என்று மெச்சிவிட்டு, நாங்கள் போட்டுத் தருகிற காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதே காற்றோடு மார்கழியில் குடித்தனம் பண்ணுகிறவர்கள் நாங்கள். விடிகாலையில் மலையிலிருந்து குளிர் இறங்கும் பாருங்கள், சத்தமே இருக்காது. அந்தப் பஸ் கண்ணாடி வழியாக டிக்கெட் எடுக்காமல் நேரே அவர் கட்டிலில் ஏறி உட்காரும்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்

கோமு வந்ததும் வேலையை ஆரம்பித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு நாற்காலியை அவர் அறையின் மூலையில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பேசவில்லை. காப்பி கொடுத்தேன், குடித்தாள். கண் அண்ணன் மேலேயே இருந்தது.

"என்னளா, ஏதும் பேசாம இருக்க?"

"பேசுனா குஞ்சு நம்மளப் பாக்கும் மைனி. சும்மா இருந்தாத்தாம் அதுபாட்டுக்கு இருக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "குஞ்சு எல்லாம் ஒன்னுமேல ஒன்னு ஏறி அடைஞ்சி கெடந்தா குளுருதுன்னு அர்த்தம். ஓரத்துக்கு ஓடுனா சூடு சாஸ்தி. கோழிச் செட்டு பூரா பரவலாப் படுத்திருந்தா சரியா இருக்குன்னு அர்த்தம். அதுககிட்டப் போயி கேக்கவா முடியும்? இவன் என்னைக்கு வாயத் தொறந்து சொல்லிருக்கான்? இவனும் அதே சாதிதாம்."

அவர் காலை வயிற்றோடு மடக்கி, வராத கையை இடுப்புக்கு அடியில் செருகிக்கொண்டு கிடந்தார். எத்தனையோ நாளாக நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது பழக்கமாகத் தெரிந்தது.

கோமு எழுந்து வந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள். அது நாடாக் கட்டில். "மைனி, இங்கன கைய வைங்க."

வைத்தேன். அடியில் காற்று ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மேல என்னெல்லாம் போட்டிருக்கிய?"

"கம்பளி, அதுக்கு மேல சுந்தர் அனுப்புனது, அதுக்கு மேல பழைய ஜமுக்காளம்..."

"கீழ?"

கீழே ஒரு விரிப்பு. அவ்வளவுதான். உலகத்தில் உள்ள போர்வையை எல்லாம் மேலே குவித்து அவரை அமுக்கி வைத்திருந்தோம்.

"தரை குளுந்துச்சின்னா மேல என்னத்தத் தொங்கவிட்டாலும் குஞ்சு நிக்காது" என்றாள். பிறகு ஹீட்டரைப் பார்த்து, "இத எதுக்குப் போட்டுக்கிட்டுக் கெடக்கிய? வீடு பூராச் சூடாக்கி என்ன செய்யப் போறிய? வீட்டுக்கா குளுருது? எங்கண்ணனுக்குத்தான குளுருது!"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, வாய் அப்படித்தான். நான் சமாளித்துக்கொண்டு, "அப்பம் பிள்ளை பெத்த வீட்டுல வைக்கிற மாதிரி ஒரு கரிச்சட்டி வச்சிருவமா?" என்றேன்.

"அத மட்டும் செஞ்சிராதிய!" ஒரு அதட்டல் போட்டாள். "அடைச்ச ரூமுல கரி மூட்டுனா சத்தமில்லாமச் சாவும். குஞ்சு என்ன, மனுசன் என்ன."

அன்றிலிருந்து சாம்பிராணிச் சட்டியைக்கூட நான் வாசலோடு நிறுத்திவிட்டேன்.

சேவல் நகர மறுத்தது

அவள் முதலில் போட்ட திட்டம் வேறு. அடுப்படிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. ஜன்னல் இல்லை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. "இதுதாம் சரியான எடம். கட்டிலைத் தூக்கி இங்கன போட்டுருவோம்" என்றாள்.

வண்டி டிரைவரும் அவளுமாகக் கட்டிலைப் பிடித்தார்கள். அவ்வளவுதான், அவர் வலது கையை நீட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, விடு."

தலையை ஆட்டினார்.

"விடுங்கேன்லா. நல்லதுக்குத்தான செய்யுதோம்."

"மா...ட்டேன்."

"அங்கன சன்னல் இல்லன்னு பாக்கியா? மலை எங்கயும் ஓடிராது. மத்தியானம் தூக்கிட்டு வந்து காட்டுதேன். குஞ்சு எங்கன படுக்கணும்னு குஞ்சா சொல்லும்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. வார்த்தையைத் தேடி, பிடித்து, ஒவ்வொன்றாக இழுத்துவந்து போட்டார். "நா... கோழி... இல்லளா!"

அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடுமோ என்று எனக்குப் பயம். நான் கோமுவைப் பார்த்தேன். கோமு அண்ணனைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "எம்மாடி! இழுத்துக்கிட்டுக் கெடந்தாலும் கொரலு டிரைவரு கொரலுதாம்!" அவருக்கும் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வந்தது. மறுபக்கம் எப்போதும் போலவே இருந்தது. வண்டி டிரைவர் ஒன்றும் புரியாமல் கட்டில் காலைப் பிடித்தபடியே நின்றார்.

கோமுவிடம் எனக்குப் பிடித்த குணம் இதுதான். தன் திட்டம் நடக்கவில்லை என்றால் அவள் முறைத்துக்கொண்டு நிற்கமாட்டாள். "சரி, சேவலு எடத்த விட்டு நகராது. அப்பம் எடத்தத்தாம் சேவலுக்குத் தக்கன மாத்தணும்" என்று சேலையைத் தூக்கிச் செருகினாள்.

வளையம்

அவள் பண்ணையில் குஞ்சு இறங்குகிற நாளை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். செட்டு, அதாவது கோழிக் கொட்டகை, நீளமாக ரயில் பெட்டி மாதிரி கிடக்கும். அதை முழுக்கச் சூடாக்கினால் வளர்க்கிறவள் கடனாளியாகிப் போவாள். ஒரு மூலையில் தகரத்தை வளைத்து வட்டமாகத் தடுப்புக் கட்டுவாள். உள்ளே கனமாக உமி பரப்புவாள். மேலே தகரத் தொப்பிக்குள் குண்டு பல்பு. அந்த வட்டத்துக்குள் மட்டும் கணப்பு. குஞ்சு வளர வளர வளையத்தைப் பெரிதாக்குவாள்.

இதில் ஒன்று பார்த்தேன். குஞ்சுகளை உள்ளே விடுவதற்குமுன் கோமு குனிந்து, மண்டிபோட்டு, கன்னத்தை உமியின் மேல் வைத்துப் படுப்பாள். கை எல்லாம் காய்ப்பு, அதற்குச் சூடு சரியாகத் தெரியாதாம். கன்னம்தான் சொல்லுமாம். வெளுத்த நைட்டி, தலையில் துண்டு, உமிக்குள் கன்னம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் வீட்டிலும் அதே வேலைதான். சாக்குகளில் உமியைத் தட்டையாக நிரப்பி, வாயைத் தைத்து, கட்டிலின் மேல் வரிசையாக அடுக்கினாள். அதற்கு மேல் பஞ்சு மெத்தை. கட்டிலுக்கு அடியிலும் உமி மூட்டை வைத்துக் காற்று ஓடாமல் அடைத்தாள். கொசுவலைக்காகக் கட்டிலில் நட்டிருந்த கம்பிகளில் பழைய பெட்ஷீட்டுகளை இரட்டையாக மடித்து, ஜன்னலைப் பார்த்த பக்கத்தை விட்டு மற்ற மூணு பக்கமும் தொங்கவிட்டாள். மேலேயும் மூடாமல் விட்டாள். "மூச்சு போயிட்டு வரணும்லா." சுவரின் காற்றுவழிகளுக்கு உமி பொதிந்த சாக்கை வைத்துத் திணித்தாள். அதிலும் ஒன்றை விட்டுவைத்தாள்.

பல்புக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. துணி பக்கத்தில் இருக்கிறதே, பற்றிக்கொண்டால்?

"வருசக்கணக்காத் தொங்குது மைனி, ஒரு குஞ்சு கருகுனது இல்ல."

"குஞ்சு கருகலன்னா எனக்கென்ன?"

கடைசியில் துணிக்கு எட்டாத உயரத்தில், கால்மாட்டுப் பக்கம், சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நேரம் மட்டும் எரியவேண்டும் என்று முடிவானது. ஹீட்டர் வந்த பெட்டிக்குள்ளேயே திரும்பிப் போய்ப் பரணில் ஏறியது.

எல்லாம் முடிந்ததும் அவரைக் கிடத்துவோம் என்று நான் அவர் கையைப் பிடித்தேன். "பொறுங்க" என்று சொல்லி, கோமு முதலில் தானே அந்தக் கட்டிலில் ஏறி ஒருக்களித்துப் படுத்தாள். கன்னத்தை மெத்தையில் வைத்துக் கண்ணை மூடினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர், தங்கச்சி என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரியா இருக்கு. வாண்ணே" என்று எழுந்தாள்.

மஞ்சள் படுதா

பஸ் கண்ணாடி ஜன்னல்தான் மிச்சம். அதை அடைத்தால் அவர் வாயைத் திறக்காமலே என்னைச் சாகடித்துவிடுவார். அடைக்காவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

கோழி செட்டுகளில் பக்கவாட்டுப் படுதாவைக் கவனித்திருக்கிறீர்களா? நம் வீட்டுத் திரைபோல மேலே கட்டிக் கீழே தொங்காது. கீழ் ஓரத்தை இறுகக் கட்டிவிட்டு மேல் ஓரத்தைக் கயிற்றால் ஏற்றி இறக்குவார்கள். தளர்த்தினால் மேலே மட்டும் திறக்கும். காற்று தரையோடு இருக்கிற குஞ்சு மேல் அடிக்காது. கோமு அந்த மஞ்சள் தார்ப்பாயை ஜன்னலுக்கு அப்படியே கட்டினாள். கொஞ்சம் இறக்கினால் போதும், படுத்த இடத்திலிருந்து மலையின் மேல்வரியும் மேகமும் தெரியும்.

ஒரு பக்கம் இழுத்தால் ஏறும், மறுபக்கம் இழுத்தால் இறங்கும்படி கயிற்றைக் கப்பி வழியாகக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து விட்டாள். இடது பக்கம்.

"கோமு, அது வராத கையிளா! இந்தப் பக்கம் கட்டு."

"அங்கனதாம் மைனி ஆணி எறங்குச்சு. இந்தச் சுவரு கல்லு மாதிரில்லா இருக்கு" என்று சுத்தியலைச் சாக்குக்குள் போட்டாள்.

போகிறபோது இன்னொன்று சொன்னாள். விடிகாலையில் அவரைக் குளிப்பாட்டக் கூடாதாம். மொட்டைமாடியில் ஒரு டிரம்முக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்தால் உச்சி வெயிலுக்குத் தண்ணீர் தானாகச் சூடேறிவிடுமாம். மத்தியானம் குளித்தால் போதுமாம். இது எனக்குப் பெரிய இடி. எங்கள் வீட்டில் குளிக்காமல் யாரும் காப்பி குடித்தது கிடையாது, விளக்கேற்றுவதற்கு முன்னே எல்லோரும் குளித்தாகவேண்டும். அதற்குத்தான் குளியலறைக் கீசர் காலங்காத்தாலே ஓடிக்கொண்டிருந்தது.

"சாமி என்ன, கீசர் போட்டுக் குளிச்சிட்டு வான்னா சொல்லுது? அவன் குளிக்கலன்னா நீங்க குளிச்சிட்டு ஏத்துங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள். நான் ரெண்டு நாள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்றாம் நாள் மறந்துவிட்டேன்.

பரவலாக

அந்த வாரம் ஒருநாள் காலை. நான் தொங்குகிற பெட்ஷீட்டை விலக்கிப் பார்த்தேன். அவர் மல்லாக்கப் படுத்திருந்தார். கால் ரெண்டும் நீட்டியிருந்தது. அந்தக் கை இடுப்புக்கு அடியில் இல்லை. நெஞ்சின் மேல், விரல் விரிந்து, சும்மா கிடந்தது. ஒரு நிமிஷம் எனக்குப் பயம்தான் வந்தது, மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தேன். நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கோமு சொன்ன பரவலாகப் படுப்பது இதுதான் போலிருக்கிறது.

பிறகு ஒரு நாள் அடுப்படியில் இருக்கும்போது கப்பிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இடது கையின் ரெண்டு விரலைக் கயிற்றில் கொக்கிபோல மாட்டி, வலது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். படுதா ஒரு சாண் இறங்கியது. மேகம் தெரிந்தது. பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற தம்பி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லி எத்தனை நாள் கெஞ்சியிருப்பார். தொட்டதில்லை. மலைக்காகக் கயிற்றை இழுத்தார்.

கை சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். சரியாகவில்லை. ஆனால் அந்த ரெண்டு விரலுக்குத் தினமும் ஒரு வேலை இருந்தது.

கோமுவுக்குப் போன் போட்டேன். "ஏளா, நெசத்தச் சொல்லு. வேணும்னுதான அந்தப் பக்கம் கட்டுன?"

"ஆணிதாம் மைனி. வைக்கட்டா, தீவனம் வந்திருக்கு."

இன்றுவரைக்கும் அவள் ஆணி என்றுதான் சொல்லுகிறாள். அவளுடைய வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். பண்ணையையும் பிள்ளைகளையும் மாமியாரையும் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போகிறாள். அவள் வாயிலிருந்து ஒரு இனிப்பான வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. நானாக இருந்தால் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அவள் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள்.

பொங்கலுக்கு வந்த பிள்ளை

பொங்கலுக்கு முன்னால் ரீடிங் எடுக்கிறவர் வந்தார். இன்னொரு தடவை பாருங்கள் என்று வந்தவரை நிறுத்திவைத்துக் கேட்டேன். பில் பழையபடி எங்களுக்குத் தாங்குகிற இடத்துக்கு இறங்கியிருந்தது.

சுந்தர் போகியன்று வந்தான். திரும்பும் டிக்கெட் மூணு பேருக்கும் எடுத்திருந்தான். அவனைத் தப்பாக நினைக்காதீர்கள். அடுப்படியில் வந்து மெதுவாகக் கேட்டான்.

"எம்மா, ரூம் நல்லாத்தான் இருக்கு. அத்தை கெட்டிக்காரிதான். ஆனா திரும்பவும் அப்பாவுக்குச் சளி கட்டுச்சின்னா? நீ ஒத்தைல என்ன செய்வ? நான் அங்க இருந்துகிட்டு எப்படித் தூங்குவேன்?"

அவன் கேட்டதெல்லாம் நான் தினமும் என்னையே கேட்டுக்கொள்வதுதான். அந்தப் பிள்ளைக்கு என் கவலை அப்படியே வந்திருக்கிறது. நான் பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தேன்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம் ரயில். மத்தியானம் வெந்நீரில் அவரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். கையை நீட்டினார், என்னைப் பட்டன் போட விட்டார். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தேன். அவர் அறையை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆட்டோ வாசலில் வந்து நின்றது. சுந்தர் பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். "அப்பா, போலாமா? பிடிச்சிக்கிடுதேன், எந்திரிங்க."

அவர் மகன் தோளில் வலது கையை வைத்தார். எழுந்திருக்கத்தான் என்று நினைத்தோம். எழுந்திருக்கவில்லை. தோளைத் தட்டினார்.

"ஏலே... போயிட்டு... வா."

பயணம் கிளம்புகிற பிள்ளைக்கு வாசலில் நின்று சொல்கிற வார்த்தை. வீட்டில் இருக்கப்போகிறவர் சொல்கிற வார்த்தை. நிறுத்தி நிறுத்தி வந்தாலும் குழறாமல், தெளிவாக வந்தது.

சுந்தர் என்னைத் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, முடிவை என்னிடம் விட்டுவிட்டார். எனக்குள்ளே எல்லாம் ஓடியது. சென்னை என்றால் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, பிள்ளை கூடவே இருப்பான், குளிர் கிடையாது. இங்கே நான் ஒருத்தி, ஒரு நாடாக் கட்டில், கொஞ்சம் உமி. நெஞ்சு படபடவென்று அடித்தது.

வாசலில் ஆட்டோக்காரர் பொறுமையில்லாமல் குரல் கொடுத்தார். "அக்கா, எத்தன பேரு? சாமான் நெறைய இருந்தா கேரியர்ல கட்டணும்."

நான் என் பெட்டியைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தள்ளிவைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

"ஒரு ஆளுதாம்ப்பா" என்றேன். "பாத்துக் கூட்டிட்டுப் போங்க."